கொக்கு வீட்டிலை பத்து நாள்: சுண்டிக்குளம் டயறி

முதலாம் நாள், ஞாயிறு

திறப்பு ஒரு பால்மா ரின்னுக்கை கிடந்தது. படிக்குப் பக்கத்திலை ஒரு முருகைக்கல், அதுக்குப் பின்னாலை ரின், ரின்னுக்கை திறப்பும் ஒரு துண்டும். "கிணத்துத் தண்ணி சவர், குடிக்காதேங்கோ. சோலர் பற்றிக்கு வயசு போட்டுது, ராவிலை ஃபான் போடாதேங்கோ. எலி இருக்கு, கொப்பியை ரின்னுக்கை வையுங்கோ." இவ்வளவுதான். பறவையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நான் சிரிச்சுப்போட்டன், பத்து நாள் பறவை பாக்கப் போறம் எண்டு ஒழுங்கை முழுக்கச் சொல்லிக்கொண்டெல்லோ வந்தனான்.

விஷயம் என்னெண்டால், இவர், என்ரை மனுசன், கணக்கு வாத்தியார், பென்ஷனிலை வந்து ரெண்டு வருஷம். இவரிட்டைப் படிச்ச பொடியன் ஒருத்தனும் அவன்ரை கூட்டாளியளும் இஞ்சை ஒரு சின்ன வீட்டை எடுத்து வைச்சிருக்கினம். பறவை வாற காலத்திலை ஆராவது மாறி மாறிப் பத்துப் பத்து நாள் நிண்டு வீட்டையும் பாத்து, விடியவும் பின்னேரமும் களப்படிக்குப் போய் எண்ணி எழுதவேணும், சம்பளம் இல்லை, சாப்பாடும் எங்கடை. இந்தப் பத்து நாளுக்கை பொங்கல் வாறதாலை ஒருத்தரும் ஓம் எண்டு சொல்லேல்லையாம். "சேர் நீங்கள் சும்மாதானே இருக்கிறியள்" எண்டு கேட்டானாம். இவருக்கு அந்தச் "சும்மா" குத்திப்போட்டுது, ஓம் எண்டிட்டார். என்னை ஒருத்தரும் கேக்கேல்லை.

யாழ்ப்பாணத்திலை இருந்து ஏ9 ரோட்டாலை கொடிகாமம், பளை, பிறகு இயக்கச்சிச் சந்தியிலை இறங்கி ஓட்டோ. கட்டைக்காடு தாண்டினாப் பிறகு ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் களப்பு, நடுவிலை எங்கடை ஓட்டோவும் அரிசி மூட்டையும். வட்டுப் போன மொட்டைப் பனையள் இன்னும் நிக்குது, அதுக்குக் கீழை வடலி நல்லா வந்திருக்கு. ஓட்டோக்காரத் தம்பி "கொக்கு வீட்டுக்கோ?" எண்டு கேட்டார். ஊரிலை அதுதான் பேராம்.

களப்புப் பக்கம் 1938 இலையே பறவைச் சரணாலயம், 2015 இலை தேசியப் பூங்கா ஆக்கினவை. எங்கடை வீடு எல்லைக்கு வெளியாலை. ரெண்டு அறை, ஒரு குசினி, கக்கூஸ் தள்ளி. சுவரிலை கார்த்திகை வெள்ளம் வந்து நிண்ட கோடு முழங்காலளவுக்குத் தெரியுது. பின்னேரம் முழுக்கக் கூட்டினதுதான் வேலை, எலிப்புழுக்கை ஒரு சுளகு வரும். இருட்டினாப் பிறகு களப்புப் பக்கமிருந்து கூட்டமா ஒரு சத்தம், வாத்துக் கத்திற மாதிரியும் இல்லை, கலியாண வீட்டிலை தூரத்திலை ஆக்கள் கதைக்கிற மாதிரி. இவர் "பூநாரை" எண்டார். நான் நித்திரை.

ரெண்டாம் நாள்

அஞ்சு மணிக்கு எழும்பி, பிளேன்ரீ குடிச்சு, ரெலஸ்கோப்பையும் அதின்ரை ஸ்ரான்டையும் தூக்கிக்கொண்டு கால் மணித்தியாலம் நடை. தைப்பனி எண்டால் சும்மா இல்லை, சீலைக் கரை எல்லாம் ஈரம். எண்ணிற இடத்திலை ரெண்டு கட்டை நட்டிருக்கு, அந்தக் கட்டையிலை நிண்டுதான் பாக்கவேணுமாம், ஒவ்வொரு நாளும் ஒரே இடம், இல்லாட்டி இண்டைய எண்ணிக்கையும் நாளைய எண்ணிக்கையும் ஒண்டோடை ஒண்டு பொருந்தாது.

விடிய விடிய கண்டது என்னெண்டால், பந்தி. ஆரும் சொல்லாமலே அவை அவை தங்கடை இடத்திலை. சேத்துக் கரையிலை கொசு உள்ளான் எண்ட சின்னனுகள், தையல் மெஷின் ஊசி மாதிரி குத்திக்கொண்டு ஓடுதுகள். கொஞ்சம் உள்ளுக்கு பவளக்காலி, அதுக்கு அங்கால கருவால் மூக்கன், இன்னும் உள்ளுக்கு நெடுங்கால் உள்ளான், எல்லாருக்கும் பின்னாலை ஆழத்திலை பூநாரை. கால் நீளத்துக்கு ஏத்த மாதிரி தண்ணி. ஊசிவால் தாராவுக்கு மட்டும் கால் பிரச்சினை இல்லை, தலையைக் கீழை விட்டு வாலை மேலை தூக்கிக்கொண்டு மிதக்குதுகள், பாக்கச் சிரிப்பு.

எண்ணிறது எப்பிடி எண்டால், ஒண்டு ரெண்டு எண்டு எண்ணிறேல்லை. முதல் ஐம்பதை ஒழுங்கா எண்ணி, அந்த ஐம்பது எவ்வளவு இடம் பிடிக்குது எண்டு கண்ணுக்குள்ளை வைச்சுக்கொண்டு, பிறகு அந்த அளவாலை கூட்டம் முழுக்க அளந்துகொண்டு போறது, கொத்தாலை நெல் அளக்கிற மாதிரி. எனக்குப் பூநாரை 350. இவருக்கு 500. திரும்ப எண்ண எனக்கு 400, இவருக்கு 450. மூண்டாந்தரம் ரெண்டு பேரும் கதைக்கிறேல்லை எண்டு போட்டுது.

வீட்டை வந்து கொப்பியிலை எழுதேக்கை சண்டை முத்திச்சுது. கூழைக்கடா ஒண்டும் காணேல்லை, அந்தக் கட்டத்தை நான் வெறுமையா விட்டிட்டன். இவர் பழைய வகுப்பறைக் குரலிலை, "இஞ்சை பாரும், வெறுமையா விட்டால் நீர் போய்ப் பாக்கேல்லை எண்டு அர்த்தம். 0 போட்டால் போய்ப் பாத்தனீர், இல்லை எண்டு அர்த்தம். ரெண்டும் ஒண்டோ?" பனியிலை நனைஞ்சு வந்தவளுக்குப் பாடம். 0 எண்டு பெரிசா, பக்கத்துக் கட்டத்துக்கும் இடிக்கிற மாதிரிப் போட்டு விட்டன்.

மூண்டாம் நாள்

வாளிக் கயிறு அறுந்து வாளி கிணத்துக்கை.

காலமை முழுக்க அதோடை போச்சுது. பாதாளக் கரண்டி கேட்டு ஊருக்கை போக, அங்கை கரைவலை இழுக்கிற அண்ணை ஒராள் தன்ரை வாடியிலை இருந்து எடுத்துக்கொண்டு கூடவே வந்தார். வாளியை எடுத்துத் தந்து, கயிறும் நைலோனிலை புதுசு கட்டி, கிணத்துக்கை எட்டிப் பாத்து, "இது குளிக்கவும் சரிவராதக்கா, உடம்பிலை உப்புப் பூக்கும்" எண்டார். உண்மைதான், நேற்று சோப்பு நுரைக்கவே இல்லை. குடிதண்ணி பரலிலை வரும், ரெண்டு நாளைக்கு ஒருக்கா, அதிலைதான் சமைக்கவும் வேணும். கோப்பை கழுவிற தண்ணியை எறியாமல் வாசல் தென்னங்கண்டுக்கு ஊத்துறன், இல்லாட்டி மனசு கேக்குதில்லை.

அவருக்குப் பறவையள் எங்கடை மாதிரிப் பேர்ப் பட்டியல் இல்லை, மீன் வாறதைக் காட்டிற குறி. ஆலா இறங்கினால் சூடை மீன் வந்திட்டுது, நீர்க்காகம் வரிசை கட்டி முக்குளிச்சால் மீன் கூட்டம் கரைக்கு ஒதுங்குது. அவ்வளவுதான் கணக்கு. "அப்ப பூநாரை வந்தால்?" எண்டு இவர் கேட்டார். "பூநாரை வந்தால் தண்ணி வத்துது சேர். அதுக்குப் பிறகு எங்களுக்கு உதுக்கை வேலை இல்லை."

கொசு உள்ளான் ஒண்டு கிட்ட வந்தது, ஒரு பத்தடி. ரெலஸ்கோப் தேவையில்லை. இருபது சொச்சம் கிராம் நிறையாம், ரெண்டு மேசைக்கரண்டி சீனி அளவு. முட்டை இடுறது ஆர்க்டிக் பக்கத்துப் பனிநிலத்திலை. அந்தச் சீனி அவ்வளவு தூரம் பறந்து வந்து இந்தச் சேத்திலை என்னத்தையோ குத்தித் தின்னுது. என்ரை பெறாமகள் கனடாவிலை இருந்து வாறதுக்கு ரெண்டு வருஷமா ரிக்கெற் விலை பாத்துக்கொண்டு இருக்கிறாள்.

அஞ்சாம் நாள், தைப்பொங்கல்

நேற்று எழுதேல்லை. ஃபான் போட்டது நான்தான். ராவிலை நுளம்பு தாங்கேலாமல் ஒரு அரை மணித்தியாலம் எண்டு போட்டன், நித்திரையாப் போனன், விடிய பற்றி செத்துப் போச்சு. போனும் செத்துது. இவர் ஒண்டும் சொல்லேல்லை, அந்தத் துண்டை எடுத்து மேசையிலை விரிச்சு வைச்சார். இண்டைக்கு நல்ல வெயில், சோலர் கொஞ்சம் பிடிச்சிட்டுது, அதாலை எழுதிறன்.

முத்தத்திலை மூண்டு கல்லு வைச்சுப் பொங்கினம். பனம்பாளையும் மட்டையும்தான் விறகு. கோலத்துக்கு மாப் போட, காத்து அள்ளிக்கொண்டு போச்சுது, சரி எண்டு விட்டன். பால் கிழக்குப் பக்கம் பொங்கினது, அது பெரிய சந்தோசம். பிள்ளையளுக்கு எண்டு வாங்கிற பழக்கத்திலை ஒரு பெட்டி சீனவெடி கொண்டு வந்திருந்தன், பிள்ளையள் லண்டனிலை எண்டாலும் பொங்கலுக்கு வெடி இல்லாமல் எப்பிடி. இவர் பெட்டியைக் கண்டிட்டு முழுசினார். களப்பிலை அவ்வளவும் நிக்குதுகள், வெடிச்சால் என்ன நடக்கும் எண்டு எனக்கும் தெரியும், ஆனால் பொங்கிற நேரம் கை தன்ரைபாட்டிலை பெட்டிக்குப் போகுது. அறுபது வருஷத்திலை முதல்தரம் சத்தமில்லாத பொங்கல். ஊருக்கை கனக்க வேதக்கார, கிறிஸ்தவச் சனம் எண்டாலும் தூரத்திலை ரெண்டு மூண்டு வெடி கேட்டுது, இவர் ஒவ்வொண்டுக்கும் களப்புப் பக்கம் திரும்பிப் பாத்தார்.

கரைவலை அண்ணை வேதம். ஒரு சட்டி நண்டோடை வந்தவர், வாசலிலை பொங்கல் பானையைக் கண்டிட்டு "ஐயோ இண்டைக்கு நீங்கள் சைவம் எல்லோ" எண்டு சட்டியைத் திருப்பிக்கொண்டு போட்டார். பொங்கல் ஒரு கோப்பை குடுத்து விட்டன். நண்டு நினைப்பாத்தான் இருக்கு.

பின்னேர எண்ணிக்கை: பூநாரை 620. இந்த முறை ரெண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே கணக்கு. எனக்கு 600, இவருக்கு 640, நடுவிலை எடுத்தம், இவர் பொங்கல் எண்டு விட்டுத் தந்திருப்பார்.

ஆறாம் நாள்

நண்டு வந்தது. காசு வாங்க மாட்டன் எண்டிட்டார். தேங்காய் ரெண்டு குடுத்தன், வாங்கினார்.

நண்டுக் குழம்பு வைச்சு அவரையும் இருத்திச் சாப்பிட்டம். சாப்பிட்டுக் கை கழுவிப்போட்டு, முத்தத்திலை இருந்து களப்பைப் பாத்துக்கொண்டு சொல்லுறார், "முந்தி தாராவை நாங்கள் சாப்பிட்டனாங்கள் அக்கா. மறைச்சு என்ன. அப்புவின்ரை காலத்திலை வலை கட்டிப் பிடிக்கிறது. இப்ப பிடிச்சால் கேஸ், பிடிக்கிறேல்லை." இவர் வாத்தியார் முகம் வைப்பார் எண்டு பாத்தன், வைக்கேல்லை, உப்பிட்டுக் காய வைச்சனீங்களோ கறி வைச்சனீங்களோ எண்டு கேட்டார்.

சுனாமி நேரம் தன்ரை வீடு எங்கை இருந்தது எண்டு கையாலை காட்டினார். இப்ப அதிலை அடம்பன் கொடி. அதுக்குப் பிறகு இடம்பெயர்வு, பிறகு முகாம், பிறகு திரும்பி வர கண்ணிவெடி எடுத்து முடியட்டும் எண்டு பாத்துக்கொண்டு இருந்தது. எல்லாத்தையும் பஸ் ரைம்ரேபிள் சொல்லுற மாதிரிச் சொன்னார். பிறகு கொப்பியைத் தட்டிக் காட்டி, "சேர், நாங்கள் ஒருத்தரும் இஞ்சை இல்லாத காலத்திலையும் உதுகள் வந்திருக்கும் எல்லோ. அப்ப ஆர் எண்ணினது?"

ஆசியா முழுக்க நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 இலை தொடங்கினது, ஒவ்வொரு தை மாசமும் நடக்கிறது, நாங்கள் எழுதுறதிலையும் ஒரு நாள் எண்ணிக்கை அதுக்குத்தான் போகுது. இவருக்கு அது எல்லாம் தெரியும், எனக்கு மூண்டு நாளா ஓதுறார். ஆனால் அண்ணைக்கு ஒண்டும் சொல்லேல்லை. கொஞ்சம் பொறுத்து, "வெறுமையாத்தான் இருக்கும்" எண்டார்.

அண்ணை நண்டுக் கோதை நாய்க்குப் போட்டிட்டு வலைக்குப் போட்டார்.

ஏழாம் நாள், சனி

கம்பஸ் பிள்ளையள் ஏழு பேர் வந்தினம். பாண், சம்பல், பிளேன்ரீ, கோப்பை காணாமல் சிரட்டையிலையும் குடிச்சினம். வீடு கலகலப்பா இருந்தது. ஒரு பிள்ளை எங்களுக்குத் தெரியாததெல்லாம் சொல்லித் தந்தது: மன்னாரிலை ஜிபிஎஸ் கட்டி விட்ட கடற்காகம் ரஷ்யாவின்ரை ஆர்க்டிக் கரை மட்டும் போனதாம், போன வழியை போனிலை கோடு கோடாக் காட்டிச்சுது. அங்காலை கோடியக்கரையிலை கனகாலமா வளையம் போடுறவை, எங்கடை பக்கத்திலை நிக்கிற உள்ளானின்ரை காலிலையும் அந்த வளையம் இருக்கலாம், பாருங்கோ எண்டிச்சுது. பிறகு நான் பறவையைப் பாக்கேல்லை, காலையே பாத்துக்கொண்டு நிண்டன், வளையம் ஒண்டும் அம்பிடேல்லை.

அதே பிள்ளைதான் உப்புத்தரையிலை ஓடின ஒரு சின்னப் பறவையைக் காட்டி, "அம்மா இதுக்கு ஹனுமான் உப்புக்கொத்தி எண்டு பேர்" எண்டுது. கையுக்கை பொத்திப் பிடிக்கலாம், அதுக்கு ஹனுமான்! 2023 இலைதான் தனி இனம் எண்டு ஆராய்ச்சி செய்து திரும்ப நிறுவினவையாம், இலங்கையிலையும் தென்னிந்தியாவிலையும் இருக்கிறது, இராமர் அணை ரெண்டுக்கும் நடுவிலை எண்டதாலை அந்தப் பேர். மற்றதிலை கனக்க வந்து போறதுகள், இது ஊர்க்காரன், இஞ்சையே நிண்டு இந்தத் தரையிலையே முட்டை இடும்.

பத்து மணி போலை ஒரு வெள்ளை வானிலை ஆக்கள். பெரிய பெரிய கமரா, ஒருத்தரிட்டை ட்ரோன். நான் விசிற்றேர்ஸ் கொப்பியை நீட்டினன், கையெழுத்து வைச்சினம், நல்ல மரியாதையாத்தான் கதைச்சினம். பிறகு அங்காலை போய் ட்ரோனை விட்டிட்டினம். தேனீ மாதிரி ஒரு இரைச்சல், அவ்வளவுதான், கூட்டம் முழுக்க எழும்பிச்சுது. நான் ஒளிக்காமல் சொல்லுறன், அது வடிவு. செட்டையின்ரை உள்பக்கம் கடுஞ்சிவப்பும் கறுப்பும், நிக்கேக்கை தெரியாது, அறுநூறும் ஒண்டாத் திறக்க வானம் நிறம் மாறிச்சுது, என்ரை வாய் திறந்தபடி. பிறகுதான் இவரின்ரை முகத்தைப் பாத்தன். அதுகள் தலைகீழாச் சொண்டை வைச்சுத் தண்ணியை வடிச்சு வடிச்சு, பொடி இறாலும் பாசியுமா நாள் முழுக்கத் தின்னுதுகள், திரும்பிப் போற பயணத்துக்குச் சேக்கிற கொழுப்பு அது. ஒவ்வொரு எழும்பலுக்கும் அதிலைதான் செலவு. இவர் ஓடினார். பென்ஷன் எடுத்த மனுசன் சேத்துக்கை சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு ஓடினதை நான் இதுக்கு முதல் கண்டதில்லை. "இறக்குங்கோ தம்பி, இறக்குங்கோ!"

இறக்கினவை. "சொறி அங்கிள், தெரியாது" எண்டு. தெரியாமல் விடுற சாமானே அது? பிள்ளையள் வான் நம்பரைக் குறிச்சு வைச்சிருக்கினம், அது அவையின்ரை பாடு.

கூட்டம் திரும்ப இறங்கேல்லை. கிழக்காலை போச்சுது.

எட்டாம் நாள்

காலமை 0. பின்னேரம் 0. தாரா, மூக்கன் எல்லாம் நிக்குது, பூநாரை மட்டும் இல்லை. இவர் சாப்பாட்டிலை உப்பில்லை எண்டார், உப்புச் சரியாத்தான் இருந்தது.

ஒன்பதாம் நாள்

எலி கொப்பியின்ரை மூலையைத் தின்னுட்டுது. ரின்னுக்கை வைக்க மறந்தது நான் இல்லை, இந்தமுறை இவர். நான் அந்தத் துண்டை எடுத்து மேசையிலை விரிச்சு வைச்சன்.

போன எழுத்துகள் ஒண்டும் போகேல்லை, விளிம்புதான். அதைச் சாட்டா வைச்சு மத்தியானம் பழைய பக்கங்களைப் பிரட்டிக்கொண்டு இருந்தன். வேறை வேறை கையெழுத்து. ஒராள் காத்தின்ரை திசைக்கு அம்புக்குறி போடுறார், ஒராள் ஒவ்வொரு நாளும் என்ன சமைச்சது எண்டும் எழுதியிருக்கிறார், நல்ல மனுசன், ஒடியல் கூழுக்குப் பக்கத்திலை "கூழைக்கடா 14". போன வருஷம் ஒரு கிழமை முழுக்க வெறுமை, கீழை சின்னதா "காய்ச்சல்" எண்டு எழுதிக் கிடக்குது. ஆருக்குக் காய்ச்சல், மாறிச்சுதோ, ஒண்டும் இல்லை.

பின்னேரம் கட்டையடிக்குப் போக மனமில்லை. போய் என்ன, இல்லை எண்டு தெரியும். இவரும் படியிலை இருந்தவர் எழும்புறார் இல்லை. "போகாமலே 0 போடுவமோ?" எண்டு கேட்டன், சும்மா நோண்டத்தான். மனுசன் ஒரு பார்வை பாத்திட்டு ஸ்ரான்டைத் தூக்கினார்.

நிண்டம். காத்து வாடை. தண்ணி நல்லா இறங்கியிருக்கு, முதல் எண்ணேக்கை பூநாரை நிண்ட இடத்திலை இப்ப நெடுங்கால் உள்ளான் நிக்குது, பந்தி ஒரு வரிசை உள்ளுக்குத் தள்ளிப் போச்சுது. இருட்டும் மட்டும் ஒரு மணித்தியாலம் கழுத்து நோகப் பாத்தம். அண்ணை வலைக்குப் போறவர் கண்டிட்டு, "அதுகள் போட்டுது எல்லோ, என்னத்தைப் பாக்கிறியள்?" எண்டார். "இல்லை எண்டதைப் பாக்கிறம்" எண்டார் இவர். அண்ணை தலையை ஆட்டிக்கொண்டு போனார், விளங்கின ஆட்டோ, விசர் எண்ட ஆட்டோ தெரியேல்லை.

0 எண்டு எழுதினன். கட்டத்துக்கை அடங்கிற மாதிரி, வடிவா.

பத்தாம் நாள்

அடுத்த ஆக்கள் மத்தியானம்தான் வருவினமாம், எங்கடை ஓட்டோ ஒன்பதுக்கே வந்திட்டுது. வீடு கூட்டி, பரல் கழுவி, தென்னங்கண்டுக்குக் கடைசித் தண்ணி ஊத்தி, சீனவெடிப் பெட்டியை உடைக்காமலே திருப்பிக் கட்டிக்கொண்டன்.

பழைய துண்டு எண்ணெய் பட்டுக் கிழியிற பதம், புதுசு எழுதுவம் எண்டு இவர் இருந்தார். நான் சொல்லச் சொல்ல எழுதினார். கிணத்துத் தண்ணி சவர். வாளிக் கயிறு புதுசு, நம்பி இழுக்கலாம். ஃபான் போடாதேங்கோ, உண்மையாப் போடாதேங்கோ. கொப்பி ரின்னுக்கை. கரைவலை அண்ணை நண்டு தருவார், காசு வாங்க மாட்டார், தேங்காய் குடுங்கோ. தென்னங்கண்டு ஒண்டு வாசலிலை நிக்குது. ட்ரோன் கண்டால் ஓடுங்கோ, சாரம் எண்டால் மடிச்சுக் கட்டிக்கொண்டு.

"பூநாரை எங்கை நிண்டது, எத்தினை, எப்ப போனது எண்டும் எழுதவேணும்" எண்டு இவர் துண்டைத் திருப்பித் திருப்பிப் பாத்தார். இடம் காணாமல் போச்சுது. ஓட்டோத் தம்பி கோன் அடிச்சுக்கொண்டு நிக்கிறார், நான் துண்டை வாங்கி மடிச்சு ரின்னுக்கை போட்டு, திறப்பையும் போட்டு, கல்லுக்குப் பின்னாலை வைச்சிட்டு வந்து ஏறினன்.